பதினொரு கொன்செப்டுகளும் ஒரு சாப்பாட்டுப் பெட்டியும்

என்னைப் பொலிஸில் மாட்டிவிட்டது என்னுடைய சுத்தமான வேலைதான். இதைப் பல வருடங்களாக நான் ஒப்புக்கொள்ளவில்லை. காலம், கிரகம், அரசாங்கம், பஸ் கொண்டக்டர் என்று எல்லோர் மேலும் பழியைப் போட்டுப் பார்த்தேன். ஆறுதலாக யோசித்தால், அந்தக் கொப்பியை நான் கொஞ்சம் அலங்கோலமாக எழுதியிருந்தால் அன்றைக்குப் பாதிப் பிரச்சினை வந்திருக்காது. மற்றப் பாதி சாப்பாட்டுப் பெட்டியால் வந்தது. அதுவும் என்னுடையதுதான்.

நான் பட்டியல் எழுதுகிற ஆள். காலையில் எழும்பியதும் அன்றைய வேலைகளைப் பட்டியல் போடுவேன். முதலாவது வேலை "பட்டியல் எழுதுதல்" என்று எழுதி, உடனேயே அதை வெட்டிவிடுவேன். (ஒன்றாவது முடிந்தது என்ற நிம்மதி.) அந்தக் காலத்தில் எனக்கு வயது இருபத்தொன்று. பேச்சுவார்த்தை முறிந்து யுத்தம் மறுபடி தொடங்கி, காலி வீதியில் பஸ் தரிப்பிடங்களைவிடச் சோதனைச் சாவடிகள் அதிகமாகியிருந்தன. அம்மாவும் நானும் கொழும்பில், வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த ஒரு தொடர்மாடியின் நான்காம் மாடியில் இருந்தோம். அப்பா யாழ்ப்பாணத்தில் உத்தியோகம். தரைப்பாதை மூடி, கப்பல் மட்டும் ஓடியதால் அவர் அங்கே, நாங்கள் இங்கே.

அம்மாவுக்கு ஒரேயொரு சட்டம்தான் இருந்தது. "பொலிசுக்கு உன்ர பேர் ஒருநாள் போச்சுதெண்டால், அடுத்த கப்பலிலை யாழ்ப்பாணம். படிப்பும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்." இதை அவர் கோபத்தில் சொல்வதில்லை. உப்புப் போதுமா என்று கேட்கிற அதே குரலில் சொல்வார். அதனால்தான் பயமாக இருக்கும்.

நான் படித்தது ஒலி-ஒளித் தொழில்நுட்ப டிப்ளோமா. கடைசித் தவணையில் மூவர் சேர்ந்து நான்கு நிமிடப் பாட்டு ஒன்றுக்கு வீடியோ எடுக்க வேண்டும். நிலையத்தில் இருந்தது இரண்டே கமராக்கள். திங்கட்கிழமைக்குள் யாருடைய கொன்செப்ட் விரிவுரையாளருக்குப் பிடிக்கிறதோ அவர்களுக்குத்தான் முதலில் கமரா. கொன்செப்ட் இல்லாதவர்களுக்கு டிப்ளோமாவும் இல்லை.

எங்கள் குழுவில் பாடுவது பெர்னடெற். கொட்டாஞ்சேனைக்காரி, தேவாலயத்தில் அவள் பாடினால் பின்வரிசையில் தூங்குகிறவர்களும் எழுந்துவிடுவார்கள். பாட்டை எழுதி மெட்டுப் போட்டவன் கஜன். தெஹிவளையில் தாயோடு இருந்தான், அதிகம் கதைக்க மாட்டான். மூன்றாவது ஆள் நான். கமரா, வயர், வெளிச்சம், பட்டியல்.

முதல் கூட்டம், அந்தத் திங்களுக்கு எட்டு நாள் முன்னால், ஞாயிறு பூசை முடிந்தபின் பெர்னடெற் வீட்டு முன்னறையில் நடந்தது. அவளுடைய அம்மா மீன் பெற்றிஸும் பிளேன்ரீயும் வைத்துவிட்டுப் போனார். கஜன் பாட்டைப் போட்டுக் காட்டினான். ஒரு பெண் சன்னலடியில் நின்று ஒருவனை எதிர்பார்க்கிறாள். ஒவ்வொரு அடியும் "இன்னும் வரவில்லை" என்று முடிகிறது. நல்ல பாட்டு. ஆனால் அதில் ஒன்றுமே நடக்கவில்லை. நடக்காத ஒன்றை எப்படிப் படம் எடுப்பது?

"வெள்ளைக் குதிரை" என்றான் கஜன், திடீரென்று.

"என்னா?" என்றாள் பெர்னடெற்.

"கடற்கரையிலை ஒரு வெள்ளைக் குதிரை. தனிய நிக்குது."

"காலிமுகத்திடல்ல கமராவத் தூக்கினா குதிரைக்கு முந்தி நாங்க தானே ஓடணும்."

நான் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன்: ஒன்று, குதிரை. பக்கத்துக் கட்டத்தில்: அனுமதி கிடைக்காது.

பெர்னடெற்றுக்குத் தான் வெள்ளைச் சேலையோடு தெருவில், சினிமாவில் வருகிற ஸ்லோமோஷன் மெதுவோட்டத்தில், ஓடிவர வேண்டும் என்று நெடுநாள் ஆசை. கஜன் தலையை ஆட்டினான். "கொழும்பிலை தமிழ்ப் பெட்டை றோட்டிலை ஓடினா அது கொன்செப்ட் இல்லை. கேஸ்."

"சரி, நடக்கிறேன்."

"சும்மா நடக்கிறதுக்கு ஏன் மெதுவோட்டம்?" என்றேன் நான்.

இப்படியே போனது. துறைமுகத்தில் கப்பல் புறப்படும் காட்சி (வீடியோ வெளியே வருவதற்கு முன் நாங்கள் உள்ளே போய்விடுவோம்). நூறு பலூன்களை வானத்தில் விடுவது (வானத்தில் எது பறந்தாலும் சுடுகிற நாட்கள் அவை). இருநூறு மெழுகுதிரி (எங்கள் கமராவுக்கு அந்த வெளிச்சம் காணாது; பெர்னடெற்றின் அம்மாவுக்கு அந்தப் புகை கூடாது). மழை. களனி ஆற்றில் தோணி. கண்ணாடி உடைதல். ஒரு கொன்செப்டில் கஜனே முகத்தில் சாயம் பூசிக்கொண்டு மரமாக நிற்பதாக இருந்தது. அதைச் சொன்னது நான் இல்லை என்று இன்றுவரை மூவரும் சாதிக்கிறோம்.

பத்துக் கொன்செப்டுகள், பத்து நிராகரிப்புகள்.

"முதல்ல ஒண்டு சொல்லு கஜன்" என்றேன். "அவன் ஏன் வரேல்லை? விபத்தா, வேற கலியாணமா, சண்டையா? காரணம் தெரியாமல் நான் எப்பிடி ஷொட் பிரிக்கிறது?"

"அது தேவையில்லை."

"பட்டியலிலை ஒரு கட்டம் வெறுமையாக் கிடக்குது."

"கிடக்கட்டும். வரேல்லை. அவ்வளவுதான்."

வெறுமையான கட்டம் எனக்கு ஒத்துவராது. "காரணம்" என்ற இடத்தில் அழகாக ஒரு கேள்விக்குறி போட்டுவைத்தேன்.

பதினோராவது என்னுடையது. எங்கள் ஒழுங்கை முடிவில் தண்டவாளம், அதற்கப்பால் கடல். பெண் இந்தப் பக்கம் நிற்கிறாள். அந்தப் பக்கம், அலைக்கு முன்னால், ஒரு உருவம். இரண்டுக்கும் இடையில் ரயில் போகிறது. ரயில் போனபின் அந்தப் பக்கம் யாரும் இல்லை. பெர்னடெற் பெற்றிஸைக் கீழே வைத்தாள். கஜன் முதல் தடவையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "இதைச் செய்வம்" என்றான்.

அப்போதே நிறுத்தியிருக்கலாம். "ரயில், பெண், கடல்" என்று மூன்று சொல் எழுதிக் கொடுத்தால் விரிவுரையாளருக்குப் போதும். நான் ஆய்வு செய்யப் போனேன்.

நான்கு நாட்கள் மாலை வேளைகளில் எங்கள் பல்கனியில் நின்று கடலைப் பார்த்தேன். அம்மா வந்து "என்ன பிள்ளை செய்யிறாய்?" என்றார். "படிக்கிறன் அம்மா" என்றேன். பொய்யில்லை. எந்த ரயில் எத்தனை மணிக்கு வருகிறது, எத்தனை நிமிடம் தாமதம், எத்தனை பெட்டி, எதில் சனம் அதிகம் என்று முதல் பக்கத்தில் அட்டவணை போட்டேன். படத்தில் சீருடைக்காரர்கள் விழுந்தால் பெரிய பிரச்சினை என்று எனக்குத் தெரியும். ஆகவே, பொறுப்பான பிள்ளையாக, அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்றும் எழுதினேன். மண்மூட்டைக் காவலரண், இரண்டு பேர். ஐந்தே முக்காலுக்கு ஆள் மாறும். மாறுகிற நேரத்தில் நான்கு நிமிடத்துக்கு ஒருவரும் இந்தப் பக்கம் பார்ப்பதில்லை. இரண்டாம் பக்கத்தில் வரைபடம். தண்டவாளம் கறுப்பு மை, காவலரண் சிவப்பு மை, எங்கள் மொட்டைமாடியிலிருந்து கமரா பார்க்கும் கோணம் அம்புக்குறியோடு. மூலையில் வடக்குத் திசை. மேலே, இரட்டைக் கோடிட்டு, தலைப்பு: இறுதித் திட்டம்.

அடியில் குறிப்பு: "எல்லாம் நான்கு நிமிடத்தில் முடிய வேண்டும். முடிந்ததும் மூவரும் தனித்தனியாகக் கலைந்து போகவும்."

(கூட்டமாக நின்றால் அம்மா பல்கனியிலிருந்து கண்டுவிடுவார் என்பதற்காக.)

பிறகு வெளிச்சம். கடலுக்கு முன்னால் நிற்பவளின் முகம் கறுத்துப்போகும். அதற்கு ஒரு சிறிய விளக்கு வேண்டும். மருதானையில் வானொலி திருத்துகிற கடையொன்றில் பன்னிரண்டு வெள்ளை எல்ஈடி, பற்றரிக் கூடு, சிவப்பும் கறுப்புமாக வயர், ஒரு சுவிட்ச் எல்லாம் வாங்கிவந்தேன். பாதுகாப்பாக வைக்க ஏதாவது பெட்டி வேண்டுமே? என்னுடைய பள்ளிக்கூடக் காலத்துச் சாப்பாட்டுப் பெட்டி சரியான அளவாக இருந்தது. ஷொட்டின் நேரம் பார்க்க வசதியாக, மேசை மணிக்கூடு ஒன்றைக் கழற்றி, இலக்கங்கள் ஓடுகிற பகுதியை மட்டும் எடுத்துப் பெட்டிக்குள் ஒட்டினேன்.

இதை வாசிக்கிற உங்களுக்கு இப்போது என்ன தோன்றுகிறது என்று எனக்குத் தெரியும். சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. ஈயம் வைத்து ஒட்டிய இடமெல்லாம் எவ்வளவு பளபளப்பாக வந்திருக்கிறது என்பதுதான் தோன்றியது.

சனிக்கிழமை பத்து மணிக்குக் கொப்பியையும் பெட்டியையும் பையில் போட்டுக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் பஸ் ஏறினேன். பாதி வழியில் சாவடி. "பஹின்ன, பஹின்ன" என்று ஒருவர் பஸ்ஸின் பக்கத்தைத் தட்டினார். எல்லோரும் இறங்கினோம். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. இது அன்றாடம் நடப்பது; அடையாள அட்டையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு வெயிலில் நிற்கப் பழகியிருந்தோம்.

பெண் பொலிஸ் என் பைக்குள் கைவிட்டுப் பெட்டியை எடுத்தார். "மேக்க மொகத்த?" இது என்ன என்கிறார்.

எனக்குச் சிங்களத்தில் தெரிந்த சொற்களில் அது ஒன்று. சந்தோஷமாகச் சொன்னேன்: "கேம பெட்டிய." சாப்பாட்டுப் பெட்டி.

அவர் திறந்தார். உள்ளே சோறு இல்லை.

அவருடைய முகத்தில் இருந்த நிறம் போவதை நான் கண்ணால் பார்த்தேன். பெட்டியை, தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோல, தார் றோட்டில் வைத்தார். நான்கு அடி பின்னால் போனார். விசில் ஊதினார். சிப்பாய்கள் ஓடிவந்தார்கள், துப்பாக்கிகள் என் பக்கம் திரும்பின. வரிசையில் எனக்கு முன்னாலும் பின்னாலும் நின்ற பெண்கள் அப்படியே விலக, நடுவில் நானும் பெட்டியும் மட்டும் நின்றோம். பெட்டிக்குள் இலக்கங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

நான் தொழில்நுட்பம் படித்தவள். ஒரு கருவியைப் பற்றிச் சந்தேகம் வந்தால் அதை இயக்கிக் காட்டுவதுதான் முறை என்று சொல்லித் தந்திருக்கிறார்கள். ஆகவே, என்னிடமிருந்த சிங்களம் முழுவதையும் கூட்டிச் சேர்த்து, மிகவும் பணிவாகக் கேட்டேன்:

"சுவிட்சை அமத்திக் காட்டட்டா?"

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதை ஒழுங்குமுறையாகச் சொல்ல முடியவில்லை. கொண்டக்டர் ரிக்கற் புத்தகத்தோடு றோட்டில் குப்புற விழுந்தார். கத்தரிக்காய்ப் பையோடு வந்த ஒரு அம்மா பையை எறிந்துவிட்டு, தனது வயதுக்குப் பொருந்தாத வேகத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் போனார். பெர்னடெற் கேட்ட மெதுவோட்டமில்லை, அசல் ஓட்டம். யாரோ என்னைத் தரையில் அழுத்தினார்கள். கன்னம் தாரில் ஒட்டிக்கிடந்தபோது என் மனதில் ஓடியது ஒன்றே ஒன்றுதான்: அடுத்த கப்பல் எப்போது?

முக்கால் மணித்தியாலம் கழித்துத் தடித்த உடுப்புப் போட்ட ஒருவர் வந்தார். நீளத் தடி ஒன்றால் எட்ட நின்று சுவிட்சைத் தட்டினார். பன்னிரண்டு விளக்கும் பளிச்சென்று எரிந்தன, அந்தப் பட்டப்பகலிலும். ஒரு கணம் எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

விளக்கு விளக்குதான் என்று தெரிந்ததும் சனம் மூச்சுவிட்டது. ஓரிருவர் சிரித்தார்கள். என்னையும் விட்டுவிடுவார்கள் என்று நினைத்து எழும்பித் தூசு தட்டினேன். அப்போதுதான் பெண் பொலிஸ் கொப்பியின் இரண்டாம் பக்கத்தைத் திறந்தார்.

பொலிஸ் நிலையத்துக்கு என்னை ஜீப்பில் ஏற்றிப் போனார்கள். எங்கள் மாடியில் மூன்று வீடு தள்ளியிருந்த ஒருவரை "சின்ன விசாரணை" என்று கூட்டிப்போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. அவருடைய மனைவி அப்போதும் ஒவ்வொரு செவ்வாயும் சாப்பாடு கட்டிக்கொண்டு போய்வந்தார். எனக்கு அதுதான் நினைவில் இருந்தது. கப்பல் பரவாயில்லை என்று முதல் முறையாகத் தோன்றியது.

இன்ஸ்பெக்டர் ஐம்பது வயது மனிதர். வரைபடத்தை நேராகப் பிடித்துப் பார்த்தார். பிறகு வடக்கைச் சரிபார்த்துக்கொண்டு மறுபடி பார்த்தார். மொழிபெயர்க்க ஒரு முஸ்லிம் சார்ஜன்ற் வந்து உட்கார்ந்தார்.

"புள்ள, இது யாரு கீறினது?"

"நான்தான்."

"சேர் சொல்றாரு, ஆமி என்ஜினியர்மாரும் இவ்வளவு சுத்தமாக் கீறமாட்டாங்களாம்."

"நன்றி" என்று சொல்லிவிட்டேன். வாய் என் சொல் கேட்கவில்லை.

"நன்றியா? கோச்சி டைம் ஏன் எழுதி வெச்சீக்கிற? ஆமிக்காரன் மாறுற டைம் ஏன்? தனித்தனியாக் கலைஞ்சு போன்னு ஏன்?" (கோச்சி என்றால் ரயில்.)

"பாட்டுக்கு சேர்."

"என்ன பாட்டு?"

"வீடியோப் பாட்டு."

இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் ஒரு சொல் சொன்னார். சார்ஜன்ற் பேனையை மூடினார். "பாடச் சொல்றாரு."

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எனக்குப் பாட வராது. அடக்கத்துக்குச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் தேசிய கீதத்துக்குக்கூட வாயை மட்டும் அசைக்கும்படி சங்கீத ரீச்சர் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னவர். ஆனால் அந்த அறையில் வேறு சாட்சி இல்லை. எழும்பி நின்று, கையைக் கட்டிக்கொண்டு, முதலாவது அடியைத் தொடங்கி "இன்னும் வரவில்லை" என்று முடித்தேன். குரல் இரண்டாம் அடியில் உடைந்தது. பக்கத்து அறையிலிருந்து ஒரு கான்ஸ்டபிள் எட்டிப் பார்த்தார், யாரையாவது அடிக்கிறார்களா என்று.

சார்ஜன்ற் ஒவ்வொரு அடியையும் சிங்களத்தில் சொல்லிக்கொண்டே வந்தார். இன்ஸ்பெக்டர் கையை உயர்த்தி நிறுத்தினார். ஒரு கேள்வி கேட்டார்.

"சேர் கேக்கிறாரு, இந்தப் பையன் ஏன் வரல்ல?"

நானும் அதையேதான் கேட்டிருந்தேன். பெர்னடெற் வீட்டில் அது பதில் தேவையில்லாத கேள்வி. இங்கே வேறு. தமிழ்ப் பெடியன் ஒருவன் வீட்டைவிட்டுப் போனான், திரும்பி வரவில்லை என்றால், இந்த மேசையில் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான்: இயக்கத்துக்குப் போய்விட்டான். இன்ஸ்பெக்டரின் பேனை முனை கொப்பியில் "காரணம்" என்ற கட்டத்தில் போய் நின்றது. அழகான கேள்விக்குறி. அதைச் சிவப்பு மையில் வேறு போட்டிருந்தேன்.

"எங்க போன பையன்? வன்னிக்கா?"

"இல்லை! இல்லை சேர்!" என் தலைக்குள் உலக வரைபடம் சுழன்றது. "டுபாய்."

"டுபாயா?"

"ஓம். டுபாயிலை வேலை."

"என்ன வேல?"

"ஏசி திருத்துறது. ஹோட்டலிலை."

"அப்ப ஏன் வரல்ல?"

"பாஸ்போட்டை முதலாளி பிடிச்சு வச்சிருக்கிறார்."

சார்ஜன்ற் பேனையைக் கீழே போட்டார். "யா அல்லாஹ்! எங்கட மச்சானுக்கும் இதே கததான் புள்ள! ரெண்டு வருஷம்!" பிறகு அவர் இன்ஸ்பெக்டருடன் சிங்களத்தில் நீண்ட நேரம் கதைத்தார். இன்ஸ்பெக்டரின் மனைவியின் தங்கை குவைத்தில் வீட்டு வேலைக்குப் போனவராம். அவருக்கும் ஏதோ அப்படித்தான். இன்ஸ்பெக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அரை மணித்தியாலமாக என்னைப் பார்த்த கண் வேறு, இப்போது பார்த்த கண் வேறு.

"நங்கி" என்றார். தங்கச்சி. பிறகு ஏதோ சொன்னார்.

"சேர் சொல்றாரு, அப்ப கோச்சி எதுக்கு? டுபாய்க்குக் கோச்சி போறல்லயே. பார்சல் வார மாதிரிக் காட்டு. பொட்டிக்குள்ள சவர்க்காரம், போர்வை, சென்ட். ஆள் வரல்ல, பார்சல் மட்டும் வருது."

"அது நல்லாத்தான் இருக்கு" என்றேன். உண்மையாகவே நன்றாக இருந்தது.

"நான் சொல்றேன், எயார்போட் வேணும்" என்றார் சார்ஜன்ற்.

"எயார்போட்டிலை படம் எடுக்க விடமாட்டாங்கள் சேர்."

"ஓ, அது சரிதான். நாங்கதான் புடிப்போம்."

இரண்டு பேரும் விவாதித்தார்கள். எட்டிப் பார்த்த கான்ஸ்டபிளும் உள்ளே வந்து, மழை வைக்கச் சொன்னார். பன்னிரண்டாவது கொன்செப்ட் அப்படித்தான் பிறந்தது. பழக்கதோஷத்தில் நான் பேனை கேட்டேன். சார்ஜன்ற் தன்னுடையதைத் தந்தார்.

பிறகு வாக்குமூலம் எழுதினார்கள். சிங்களத்தில் இரண்டு பக்கம். சார்ஜன்ற் எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார். அதன்படி, பாட்டில் வருகிற ஆண் டுபாயில் ஏசி திருத்துபவர். அவருடைய பாஸ்போர்ட் முதலாளியிடம் உள்ளது. அவருக்கு வேறு எந்த அமைப்புடனும் தொடர்பு இல்லை. நான் கையெழுத்துப் போட்டேன். "சொன்ன மாதிரியே படத்துலயும் எடுக்கணும் புள்ள" என்றார் சார்ஜன்ற், பாதி விளையாட்டாக. "மாத்தி எடுத்தா பொய் வாக்குமூலம்." மற்றப் பாதி விளையாட்டில்லை என்று நான் முடிவுசெய்தேன்.

இதற்குள், பொலிஸ் போன் எடுத்துச் சொன்னதில், அம்மா வந்துவிட்டார். கையில் தடித்த கோப்பு. பிறப்புச் சான்றிதழ், கொழும்பில் தமிழர் எல்லோரும் எடுக்க வேண்டிய பொலிஸ் பதிவு, அப்பாவின் உத்தியோகக் கடிதம், என் பரீட்சை முடிவுகள், அதோடு எட்டு வயதில் கோலப்போட்டியில் நான் வாங்கிய ஆறுதல் பரிசுச் சான்றிதழ். என்னைப் பார்க்கவேயில்லை. எல்லாவற்றையும் மேசையில் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினார், மூலைகள் சரியாகப் பொருந்த. (நான் யாருடைய பிள்ளை என்று அப்போது விளங்கியது.)

சார்ஜன்ற் வாக்குமூலத்தை அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினார். பிறகு இன்ஸ்பெக்டர் அவர் மூலமாக அம்மாவிடம் ஒன்று சொன்னார். "உங்கட மகளுக்குப் பாட்டு வராது. ஆனா வேல வரும். படிப்ப நிப்பாட்ட வேணாம்." கொப்பியையும் சாப்பாட்டுப் பெட்டியையும் தரவில்லை.

ஓட்டோவில் பம்பலப்பிட்டி தாண்டினோம். நான் கப்பலுக்கு என்னென்ன கட்ட வேண்டும் என்று மனதுக்குள் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தேன். ஒன்று, சூட்கேஸ்.

"ஆர் அவன்?" என்றார் அம்மா.

"ஆர்?"

"டுபாய்க்காரன்."

"அம்மா, அது சும்மா..."

"பொலிசிலை எழுதிக் கையெழுத்தும் வச்சிருக்கிறாய், சும்மாவோ? எத்தினை வருசமாப் பழக்கம்?"

"அம்மா, அப்பிடி ஒருத்தன் இல்லை!"

"ஏசி திருத்துறவன்!" அம்மாவின் குரல் அப்போதுதான் உடைந்தது. குண்டு என்று நினைத்துப் பிடித்தார்கள் என்றபோது தாங்கிக்கொண்டவர் இதைத் தாங்கவில்லை. "அப்பாவுக்கு நான் என்னெண்டு சொல்லுவன்?"

வெள்ளவத்தைச் சந்தை வரைக்கும் நான் விளக்கினேன். ஓட்டோக்காரரும் திரும்பித் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். வீட்டுப் படியேறும்போது அம்மா பாதி நம்பினார். நம்பிய சந்தோஷத்தில் கப்பலை மறந்துபோனார். ஒரு நிபந்தனை மட்டும்: படம் எடுப்பதென்றால் நான்கு சுவருக்குள். பல்கனியும் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை பெர்னடெற் வீட்டில் நடந்ததையெல்லாம் சொன்னேன். சுவிட்ச் கதையில் பெர்னடெற் நிலத்தில் இருந்து சிரித்தாள். டுபாய் வந்ததும் கஜன் சிரிப்பை நிறுத்தினான். சரிதான், பாட்டைக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"உனக்குக் கோபமோ?"

அவன் பிளேன்ரீக் கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தான். "அது அண்ணாவைப் பற்றின பாட்டு" என்றான். "போன வருசம் தெஹிவளைச் சந்திப் பேக்கரிக்குப் பாண் வாங்கப் போனவர். வரேல்லை. அம்மா சன்னலடியிலையே நிக்கிறா. அவவின்ர பாட்டு அது."

எங்களுக்குத் தெரியாது. இரண்டு வருடம் ஒரே வாங்கில் இருந்து படித்திருக்கிறோம், தெரியாது. அவனிடம் போய்க் கட்டத்தை நிரப்பு, காரணம் சொல் என்று கேட்டிருக்கிறேன்.

"கஜன், நான் வேணுமெண்டு..."

"பரவாயில்லை." அவன் மெல்லச் சிரித்தான். "நல்ல வேலைதான் எடுத்துக் குடுத்திருக்கிறாய். அண்ணாவுக்கு ஒரு பியூஸ் மாத்தத் தெரியாது."

வாக்குமூலத்தில் சொன்னபடியே எடுத்தோம். பெர்னடெற் வீட்டு முன்னறை, ஒரு சன்னல், ஒரு பார்சல். உள்ளே சவர்க்காரம், போர்வை, சென்ட் போத்தல். பார்சல் திறந்து கிடக்கிறது, அவள் இன்னும் சன்னலடியில் நிற்கிறாள். பொலிஸின் கொன்செப்ட் என்று விரிவுரையாளருக்குச் சொல்லவில்லை. எங்களுக்கு இரண்டாமிடம் கிடைத்தது. (மழையும் வைத்திருந்தால் முதலிடம் வந்திருக்கும் என்பது பெர்னடெற்றின் கருத்து.)

திரையிட்ட அன்று கஜனுடைய அம்மா வந்திருந்தார். முடிந்ததும் என்னிடம் வந்து, "டுபாய் எண்டு சொன்னது நீங்கள்தானே பிள்ளை?" என்றார். ஓம் என்றேன்.

"அங்க சரியான வெக்கையாம்" என்றார் அவர். "அவனுக்கென்ன, ஏசிக்குள்ளதானே நிப்பான்."

அந்த அம்மா இப்போது என் மாமி. கஜனை நான் கட்டி வெகுகாலம் ஆகிவிட்டது. எங்கள் அம்மாவுக்கு அதில் பெரிய ஆறுதல். மாப்பிள்ளை ஏசி திருத்துவதில்லை. எங்கள் வீட்டில் யாராவது சொன்ன நேரத்துக்கு வராவிட்டால், தொலைபேசியை எடுக்காவிட்டால், சாப்பாட்டு மேசையில் ஒரு கதிரை வெறுமையாக இருந்தால், "டுபாய்" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. கஜன் வேலையால் வரப் பிந்தினால் எங்கள் மகள் சொல்வாள். பெர்னடெற் கல்யாண வீடுகளுக்கு வராமல் விட்டால் அம்மா சொல்வார். "பாஸ்போட் முதலாளியிட்ட" என்று யாராவது முடித்துவைப்பார்கள். எல்லோரும் சிரிப்போம்.

மாமியும் சிரிப்பார். சிரித்து முடிந்தபிறகு சில நாட்களில் என்னிடம் மட்டும் மெதுவாகக் கேட்பார்:

"அங்க இப்ப எத்தினை மணி பிள்ளை?"

ஒன்றரை மணித்தியாலம் பின்னால். மணிக்கூட்டைப் பார்த்து, சரியாகக் கழித்து, சொல்வேன்.